கயல்விழி காருக்கு பிரேக் மாற்றியது

கயல்விழிக்குச் சூலூரில் வீடு. கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை இருட்டு அறையில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு எது தெளிவாகத் தெரிகிறது என்று கேட்பாள். கணவன் ரவிக்குமார் நூல்மில்லில் எலக்ட்ரீசியன். மகள் யுவஸ்ரீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ரவிக்குமாரின் அம்மா மாசாணியம்மாள் இவர்களோடு இருக்கிறாள். வீட்டு வாசலில் ஒரு பழைய சிவப்புக் கார் நிற்கிறது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் என்று எல்லா ஊரிலும் ஓடுகிற மாதிரியான சின்னக் கார். ஆஸ்பத்திரிக்குப் போவது, காய்கறி வாங்குவது, அமாவாசைக்கு மாசாணியம்மாளைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் கயல்விழி சுற்றுவதும் அதே காரில்தான்.

பந்தயத் தடத்துக்கு அவள் முதலில் போனது வேலை விஷயமாக. வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் ஒன்றை ஆஸ்பத்திரி அங்கே நடத்தியது. முகாம் முடிந்து பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அன்று கார் கொண்டுவந்திருந்த தீபக் என்ற பையன் ஒரு சுற்று வருகிறீர்களா அக்கா என்று கேட்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நல்ல மாதிரி. உடன் வந்த டாக்டர்கள் சிரித்து மறுத்துவிட்டார்கள். கயல்விழி ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். இறங்கியதும் இங்கே யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா என்று தீபக்கிடம் கேட்டாள். ஆறு மாதம் கழித்து டிராக் டே ஒன்றுக்குச் சொந்தக் காரோடு போய் நின்றாள். டிராக் டே என்றால் பந்தயம் இல்லை. கட்டணம் கட்டினால் அவரவர் காரை அவரவர் ஓட்டலாம்; எதிரே வண்டி வராது, ஆடு மாடு குறுக்கே வராது. பரிசும் கிடையாது, யாரும் முதலில் வருவதும் கிடையாது.

அக்கம்பக்கத்தில் இது பெரிய பேச்சாகத்தான் இருந்தது. ரவிக்குமார் தடுக்கவில்லை. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் வந்து தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக வேலிப் பக்கம் உட்கார்ந்திருப்பான். காரில் மட்டும் ஏற மாட்டான்.

போன வருடம் ஆடி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் இல்லாமல் மேகம் மூடியிருந்தது. கயல்விழி நாலைந்து சுற்று வேகமாகப் போய்விட்டு, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வளைவுக்காக பிரேக்கை மிதித்தாள். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போனது. இன்னொரு முறை மிதித்தாள், இன்னொரு முறை. மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் கார் வளைவை விட்டு நேரே புல்தரைக்குள் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்த் தானாகவே நின்றது. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரவிக்குமார் வேலியைச் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து, அவளை இறக்கி, துண்டைத் தரையில் விரித்து உட்காரவைத்தான்.

மறுநாள் காரை சிங்காநல்லூரில் ரசாக் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். வீட்டுக் காருக்கு எல்லா வேலையும் அவர்தான் பார்ப்பார். அவர் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இதை மாற்றி எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார். அவளுக்கு நினைவில்லை. பிரேக் ஆயில் நாளாக ஆகக் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், சூடு ஏறினால் அந்த ஈரம் கொதித்துக் குமிழி விடும், குமிழி அமுங்குவதால்தான் பெடல் உள்ளே போகிறது என்று விளக்கினார். ஊருக்குள் ஓட்டினால் அந்த அளவுக்குச் சூடு ஏறாது, தடத்தில் ஏறிவிட்டது. ஆயிலை மாற்றலாம், ஆனால் இந்தச் சின்ன பிரேக்கும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற சாதாரண பேடும் அந்த ஓட்டத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தனக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

தீபக்குக்கு விஷயம் தெரிந்து அன்று மாலையே போன் செய்தான். தன் காருக்கு இன்னும் பெரிய பிரேக் செட் மாற்றியபோது கழற்றிய பேடைப் பிடித்துத் தள்ளுகிற பழைய பெரிய காலிப்பர்களும் டிஸ்க்கும் அட்டைப்பெட்டியில் சும்மா கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். மனதாரச் சொன்னான். கயல்விழி போய்ப் பார்த்தாள். காலிப்பர் மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. டிஸ்க் முழுக்கத் துளைகள். எடுத்துப் பார்த்தபோதே ஆசை வந்துவிட்டது.

ரசாக் பாய் அதை அவள் காரின் ரிம்முக்குள் வைத்துக் காட்டினார். உள்ளே நுழையவில்லை. ரிம் பெரிதாக்க வேண்டும், ரிம் பெரிதானால் டயரும் மாற வேண்டும். முன் பிரேக் மட்டும் ராட்சசனாகிவிட்டால் பின்னால் இருக்கிற டிரம்முக்கு வேலையே இல்லாமல் போகும். அத்தனை பெரிய காலிப்பரைத் தள்ள இந்தக் காரின் பம்ப் போதுமா என்பது வேறு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நின்றது. கயல்விழி அட்டைப்பெட்டியைக் கட்டி நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது தீபக் இன்னொரு வழி சொன்னான். பிரேக் அதே அளவில் இருக்கட்டும்; புது ஆயில் ஊற்றி, பந்தயக் கார்களுக்குப் போடுகிற பேட் மட்டும் போட்டுவிடுங்கள் என்றான். கயல்விழிக்கு அது சரியாகப் பட்டது. பேட் பார்சலில் வந்தது. ரசாக் பாய் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார்.

"இது சூடு ஏறுனாத்தான் பிடிக்குமுங்க மேடம். ஆறிக் கெடந்தா சோம்பேறி. தடத்துக்குப் போறப்ப நான் மாட்டித் தாரேன். வந்ததும் பழைய பேடை மாத்திப்போடணும்."

அவள் சரி என்றாள்.

அடுத்த டிராக் டேயில் அந்த பேட் காட்டிய வித்தையை கயல்விழி இன்றைக்கும் சொல்லுவாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து மிதித்த இடத்தில் கார் நின்றது. எத்தனை சுற்றுப் போனாலும் பெடல் கல் மாதிரி இருந்தது. முன்பு எங்கே மிதிப்பாளோ அதையும் தாண்டிப் போய் மிதித்தாள். அன்று வீட்டுக்கு வரும்போது ரேடியோ பாட்டுக்குக் கூடவே பாடிக்கொண்டு வந்தாள். ரசாக் பாயின் பட்டறை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அமாவாசை. விடிந்தும் விடியாமலும் மாசாணியம்மாள் குளித்துப் புதுப்புடவை கட்டி, எள்ளும் வாழைப்பழமும் பையில் போட்டுக்கொண்டு கார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகை மாதத்துப் பனி. கார் இரவெல்லாம் வாசலில் நின்று சில்லென்று இருந்தது. தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒருவர் மொபெட்டில் தேங்காய்ச் சாக்கு வைத்துக்கொண்டு, வண்டிகள் போகட்டும் என்று காலூன்றி நின்றிருந்தார். கயல்விழி எப்போதும் மிதிக்கிற அளவுக்கு மிதித்தாள். கார் கேட்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பலங்கொண்ட மட்டும் மிதித்தாள். பம்பர் மொபெட்டின் பின்சக்கரத்தை மெதுவாகத் தள்ளிவிட்டு நின்றது. அந்த ஆள் விழவில்லை. சாக்கு சாய்ந்து தேங்காய்கள் ரோட்டில் உருண்டன.

மாசாணியம்மாள்தான் முதலில் இறங்கினாள். காங்கேயத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்தவள் அவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு தேங்காயாகப் பொறுக்கி, காதருகே ஆட்டிப் பார்த்துச் சாக்கில் போட்டாள். விரிசல் விட்டதைத் தனியே வைத்து, அதற்கு எவ்வளவு என்று அந்த ஆளிடம் கேட்டாள். அவர் வாங்க மறுத்துவிட்டார். பனியில் அப்படித்தான் ஆகும், பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கயல்விழி காரை ஓரமாக நிறுத்தினாள். மாசாணியம்மாள் கதவைத் திறந்து பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுல போயிக்கறேன் கண்ணு. நீ ஊட்டுக்குப் போ."

"நானும் வாரேனுங்கத்த."

இருவரும் காங்கேயம் பஸ் ஏறினார்கள். கூட்டம் இல்லை. பல்லடம் தாண்டியதும் கயல்விழியே சொன்னாள். வண்டியில் பழுது இல்லை, தான் போட்ட பிரேக் அப்படி, அது சூட்டில் மட்டும் பிடிப்பது, தெரிந்தும் மாற்றாமல் விட்டது தன் தவறு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மாசாணியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பந்தயத் தடத்தைப் பற்றி மருமகளிடம் அவள் அதுவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"அங்க போயி என்னதான் பண்ற அம்மணி?"

"ஓட்டறதுதானுங்கத்த. ஒரே ரோட்டுல சுத்திச் சுத்தி."

"ஆரு மொதல்ல வர்றாங்கன்னா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பொறவு என்னத்துக்கு?"

கயல்விழி இதை யாருக்கும் சொல்லிப் பார்த்ததில்லை.

"அந்த நேரம் மட்டும் மனசுல வேற ஒன்னுமே ஓடாதுங்கத்த. பொண்ணு ஹாஸ்டல்ல எப்படி இருக்காளோ, ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவாங்களோ, எதுவும் வராது. அடுத்த வளைவு மட்டும்தான் இருக்குமுங்க."

மாசாணியம்மாள் தலையாட்டினாள். பஸ் காங்கேயத்துக்குள் நுழைந்து, களங்களில் காயப்போட்ட கொப்பரையின் வாசம் ஜன்னல் வழியே வந்தபோதுதான் பதில் சொன்னாள்.

"தேங்கா ஒடைக்கறப்ப எனக்கும் அப்படித்தான். நெனப்பு வேற பக்கம் போச்சுன்னா வெரலு போயிரும். உன்ற மாமன் செத்த வருசம் நான் நெம்ப நாளு அதுலதான் கெடந்தேன்." பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "உட்டுப்போடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஏறுற வண்டி, ஆறிக் கெடந்தாலும் நிக்கோணும்."

முத்தூர் வழியாகக் கொடுமுடி போய், காவிரியில் எள்ளும் தண்ணீரும் விட்டு, இருவரும் பொழுதுசாயத் திரும்பினார்கள்.

ரவிக்குமார் விஷயத்தைக் கேட்டு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஒரே ஒரு முறை கேட்டான். காலையில் அவனே ஒரு வழி சொன்னான். இரண்டு செட் பேட் வைத்துக்கொள்வோம், தடத்துக்கு முன்னும் பின்னும் நானே மாற்றித் தருகிறேன், பட்டறைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றான். ரசாக் பாயிடம் கேட்டபோது, சிலர் அப்படிச் செய்வதுண்டு, ஆனால் ஒரு பேட் டிஸ்க்கின் மேல் பூசிவைக்கிற படலம் இன்னொரு பேடுக்கு ஒத்துவராது, மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுமே சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்றார். அதைவிட, என்றைக்காவது ஒருநாள் மாற்ற மறந்துபோகும் என்று கயல்விழிக்குத் தோன்றியது. ஒருமுறை மறந்தாயிற்று. மறந்தாலும் ஆபத்தில்லாத பிரேக்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அடுத்த மூன்று வாரம் பழைய சாதாரண பேடுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டே தேடினாள். பேட் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒரு வரைபடம் போட்டிருந்தன. எத்தனை சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஏறி இறங்கும். தீபக்கும் அவன் கூட்டாளிகளும் அந்தக் கோட்டின் வலது முனையைப் பற்றியே பேசினார்கள். உச்ச சூட்டில் யாருடைய பேட் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. கயல்விழி மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பெரிதாக்கி இடது முனையைப் பார்த்தாள். கார்த்திகைப் பனியில் வாசலில் நிற்கிற கார் அந்த முனையில்தான் இருந்தது. பல கோடுகள் அங்கே தரையோடு தரையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் இடது முனையிலேயே சாதாரண பேடின் உயரத்தில் தொடங்கி, வலதுபக்கம் பந்தய பேட் அளவுக்குப் போகாவிட்டாலும் தடத்துச் சூட்டில் பாதிக்கு மேல் தாங்கியது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். வீட்டுக்கும் தடத்துக்கும் ஒரே காராக வைத்திருக்கிறவர்களுக்காகச் செய்தது, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை மெதுவாக ஒரு சுற்றுப் போய் ஆறவிட வேண்டும், மெதுவாகப் போகையில் கீச்சென்று சத்தம் போடும் என்று பதில் வந்தது. குறையையும் சேர்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

டிஸ்க்கைத் துளை போட்டதாக வாங்கவில்லை. துளையோரத்தில்தான் சூட்டில் விரிசல் தொடங்கும் என்று தடத்தில் பலர் சொன்னார்கள். அப்படி விரிசல் விட்ட டிஸ்க் ஒன்றை தீபக்கே காட்டினான். பழைய அளவிலேயே துளையில்லாத புது டிஸ்க், எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில், ரப்பர் குழாய்க்குப் பதிலாகக் கம்பி வலை போர்த்திய குழாய், இந்த பேட். எல்லாம் பழைய ரிம்முக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கார் மாறினதாகவே தெரியாது. மஞ்சள் காலிப்பர் போனதில் கயல்விழிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். வேகமாகப் போய் நிற்காமல் வேகத்தைக் குறைப்பது, திரும்ப வேகமெடுப்பது, திரும்பக் குறைப்பது, கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. இதற்குத் தெருவில் இடம் ஏது? சூலூருக்கு வெளியே வீட்டுமனை பிரித்துத் தார் ரோடும் தெருவிளக்கும் போட்டு, வீடு ஒன்றும் வராமல் கிடக்கிற லே-அவுட் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு காலை அங்கே கிளம்பியபோது, நானும் வாரேன் என்று மாசாணியம்மாள் வந்து ஏறிக்கொண்டாள். ரவிக்குமார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். முடியவில்லை.

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் பெல்ட் இழுத்து முன்னால் சாய்ந்தாள். அரைமணி நேரத்தில் காருக்குள் கருகல் வாடை ஏறியது. கயல்விழி பயந்து நிறுத்தப் போனாள்.

"ஏன் கண்ணு, முடிஞ்சுபோச்சா?"

"உங்களுக்குத் தல சுத்துதுங்களா?"

"எனக்கு ஒன்னுமில்ல. நீ ஓட்டு."

ஆனால் மாசாணியம்மாளுக்கு அந்தச் சோதனை கணக்கில்லை. அவளுடைய சோதனை மறுநாள் விடிகாலையில். கார் பனியில் நின்று ஆறியிருந்தபோது முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தெருவிலிருந்து மெயின் ரோடு ஏறும் இடம்வரை ஓட்டி, எப்போதும் மிதிக்கிற அளவுக்கு மட்டும் மிதிக்கச் சொன்னாள். கார் நின்றது. கூடவே கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. தெருநாய் இரண்டு எழுந்து குரைத்தன. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

"கத்துனா கத்தட்டும்" என்றாள் மாசாணியம்மாள். "நிக்குதல்ல."

இன்னும் இரண்டு நாள் அதேபோல ஏறிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அடுத்த அமாவாசைக்குக் காரிலேயே போகலாம் என்றாள்.

தை மாதம் டிராக் டே வந்தது. புது பிரேக்கோடு கயல்விழி நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். பந்தய பேட் நின்ற இடத்தில் இது நிற்காது என்று தெரியும்; கொஞ்சம் முன்னாலேயே மிதித்தாள். நாலு சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக. அந்த மெதுவான சுற்றில் தீபக் கையசைத்துக்கொண்டு தாண்டிப் போனான். அவளுக்கு அது உறுத்தவில்லை. பெடல் மதியம் வரை அதே உயரத்தில் இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது சக்கரமெல்லாம் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. அவ்வளவுதான்.

மத்தியானத்துக்கு மேல், கடைசி ஓட்டத்தில், பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கயல்விழி யாரையும் கேட்கவில்லை. ரவிக்குமார் தானாக எழுந்து வந்து, இரவல் ஹெல்மெட் ஒன்றைச் சிரமப்பட்டுத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவே ஏறியாச்சு. நான் ஏறாம இருந்தா நல்லா இருக்காது" என்றான்.

அவனுக்காக வேகத்தைக் குறைத்துத்தான் போனாள். ஆனாலும் நேர்ப்பாதை முடிவில் அவன் பாதம் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். கார் குனிந்து வேகம் குறைந்தது. டயர்கள் கிறீச்சிட்டு, வளைவில் திரும்பி வெளியே வந்தது. அடுத்த சுற்றில் தரையை மிதிக்கவில்லை. அதற்கடுத்த சுற்றில், தங்களுக்கு முன்னால் போகிற வெள்ளைக் காரைக் கைகாட்டி ஏதோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை.

இறங்கியதும் சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்தான். மில்லில் மோட்டார் பார்க்கிறவன் கண். முன்டயரின் ஓரங்கள் தேய்ந்து உருண்டிருப்பதைத் தொட்டுக் காட்டினான். இப்போது பிரேக் தேவலை, டயர்தான் அதற்கு ஈடு கொடுக்கவில்லை, அதனால்தான் இத்தனை சத்தம் என்றான். கயல்விழிக்கும் காலையிலிருந்து அதுவே தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் வாயால் வரட்டும் என்று இருந்திருப்பாள் போல.

"டயருக்கு அவசரமில்லீங்க" என்றாள். "பொண்ணு பரிச்சை முடிஞ்சு வரட்டும். மெதுவாப் பார்க்கலாம்."

"சித்திரையில ஒரு டிராக் டே இருக்குதாம். அப்ப பார்த்துக்கலாம்" என்றான் ரவிக்குமார்.

கிளம்பும்போது மாசாணியம்மாளிடமிருந்து போன் வந்தது. வரும் வழியில் சந்தையில் முருங்கைக்கீரை கிடைத்தால் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னாள். ரவிக்குமார் ஜன்னலை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டிக் காற்றில் ஆற்றிக்கொண்டே வந்தான். மூன்று சுற்றும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது.